மருத்துவரின் பதிவு எண்: பார்ப்பதும் சரிபார்ப்பதும்

'பிளஸ் 2 படித்துவிட்டு மருத்துவம் பார்த்தவர் கைது.' நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் இந்தத் தலைப்பு அடிக்கடி வருகிறது. செய்தியை முழுவதும் படித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கிளினிக். காய்ச்சல், சளி, மூட்டுவலி என்று நாள்தோறும் கூட்டம். ஊசியும் போடுவார், குளுக்கோஸும் ஏற்றுவார். ஆண்டுக்கணக்கில் ஊரே 'டாக்டர்' என்று அழைத்திருக்கிறது. கடைசியில் யாரோ ஒருவர் புகார் கொடுத்த பிறகுதான் அதிகாரிகள் வந்து அறையைத் திறந்து பார்க்கிறார்கள்.

அவரிடம் போன நோயாளிகளில் யாரும் முட்டாள்கள் அல்ல. கேட்க வேண்டிய கேள்வி என்ன, அதற்கான பதில் எங்கே இருக்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். மருத்துவரின் பதிவு எண் அவருடைய அந்தரங்கம் அல்ல. நாம் பார்ப்பதற்காகவே சட்டம் அதைப் பகிரங்கப்படுத்தியிருக்கிறது. கையில் கைபேசி இருந்தால் சரிபார்க்கச் சில நிமிடங்கள் போதும். உடம்பு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு 103 டிகிரி காய்ச்சல் அடிக்கும் இரவில் யாரும் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பதிவு என்றால் என்ன?

எம்.பி.பி.எஸ். தேர்வில் தேறிவிட்டால் மட்டும் ஒருவர் மருத்துவம் பார்த்துவிட முடியாது. தேறியதும் கிடைப்பது தற்காலிகப் பதிவு. அதை வைத்துக்கொண்டு ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும். நாம் 'ஹவுஸ் சர்ஜன்' என்று சொல்வது இவர்களைத்தான். அதை முடித்த பிறகு மாநில மருத்துவ கவுன்சிலில் நிரந்தரப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். வெளிநாட்டில் படித்துவிட்டு வரும் இந்தியர்கள், ஒரு சில நாடுகளின் பட்டங்களைத் தவிர, இதற்கு முன்னால் இன்னொரு படியையும் தாண்ட வேண்டும். அது ஆண்டுக்கு இருமுறை நடக்கும் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகள் தேர்வு. 300 கேள்விகளில் 150 சரியாக இருந்தால்தான் தேர்ச்சி.

தமிழ்நாட்டில் இந்தப் பதிவேட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. சென்னை மாகாணத்தின் 1914ஆம் ஆண்டு மருத்துவப் பதிவுச் சட்டத்தில் பிறந்ததுதான் இன்றைய தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். அதன் அலுவலகம் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. தேசிய அளவில் இந்திய மருத்துவ கவுன்சில் இருந்த இடத்தில் இப்போது தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. அதற்கான சட்டம் 2019இல் நிறைவேறியது. 2020 செப்டம்பர் 25 முதல் ஆணையம் செயல்படுகிறது. பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு இந்தச் சட்டத்தின் 34ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது.

ஒரு எண் இருக்கிறது என்றால் மூன்று செய்திகள் நமக்குத் தெரிந்துவிடுகின்றன. படிப்பு அங்கீகாரம் பெற்றது, பயிற்சி முடிந்திருக்கிறது, தவறு செய்தால் இவரைக் கூப்பிட்டு விசாரிக்க ஓர் அமைப்பு இருக்கிறது. இந்த மூன்றாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பதிவேட்டில் பெயர் ஏறியவரைத்தான் பதிவேட்டிலிருந்து நீக்க முடியும். எண்ணே இல்லாதவர் கவுன்சிலின் கைக்கு எட்டாதவர்.

சீட்டில் எங்கே பார்ப்பது?

2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் இதில் தெளிவாக இருக்கின்றன. கிளினிக்கில் பதிவு எண் பார்வையில் படும்படி இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு, மருத்துவச் சான்றிதழ், பணம் வாங்கியதற்கான ரசீது ஆகிய மூன்றிலும் அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே தொழில்முறைத் தவறு. புதிய விதிகள் 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு, அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டன. அதனால் 2002 விதிகளையே கையில் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே பெயர், அதன் கீழே பட்டங்கள். அதையடுத்துச் சிறிய எழுத்தில் 'ரெஜி. எண்' என்று ஐந்தோ ஆறோ இலக்கங்கள் இருக்கலாம். மேலே இல்லையென்றால் கீழே கையெழுத்துக்குப் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பில் இருக்கும். பெரிய மருத்துவமனைச் சீட்டுகளில் இன்னொன்றைக் கவனியுங்கள். தலைப்பில் மருத்துவமனையின் பெயர் பளிச்சென்று இருக்கும். உங்களைப் பார்த்த மருத்துவர் யார் என்பதற்குக் கீழே ஒரு கிறுக்கல் மட்டுமே சாட்சி. அப்படிப்பட்ட சீட்டை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பெயரும் எண்ணும் உள்ள முத்திரையைக் கேட்டு வாங்குங்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கிளினிக்கும் மருத்துவமனையும் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் அந்த இடத்துக்கு உரியது. உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு உரியது அல்ல. இரண்டும் வேறு வேறு.

கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது என்பார்கள். 'டாக்டர் தப்பா நினைச்சுக்குவாரோ, சரியாப் பார்க்க மாட்டாரோ' என்ற பயம் நியாயமானதுதான். டாக்டரிடம் கேட்கவே வேண்டாம். வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், "ஏம்மா, இன்சூரன்ஸுக்கு டாக்டரோட ரிஜிஸ்டர் நம்பர் கேக்கறாங்க, சீட்டுல சீல் வெச்சுக் குடுத்துரும்மா" என்று கேளுங்கள். இது பொய்யும் அல்ல. உடல்நலக் காப்பீட்டு பாலிசிகளில் 'மருத்துவர்' என்பதற்கான வரையறையே கவுன்சிலில் செல்லுபடியாகும் பதிவு உள்ளவர் என்பதுதான். பதிவு இல்லாதவர் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு கிளெய்ம் கேட்டால் நிறுவனம் மறுக்க அதுவே போதும். விடுப்புக்குக் கொடுக்கும் சான்றிதழும் அப்படித்தான்.

காணொலி வழியே மருத்துவம் பார்ப்பவர்களுக்கும் இதே விதி. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள், மருந்துச் சீட்டிலும் இணையப் பக்கத்திலும் ரசீதிலும் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்கின்றன. வாட்ஸ்அப்பில் வெறும் மருந்துப் பெயர்களை மட்டும் அனுப்பிவிட்டுப் பணம் கேட்பவரிடம் முதலில் எண்ணைக் கேளுங்கள்.

பதிவேட்டில் தேடுவது எப்படி?

தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் தேடலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் தேடலாம். கட்டணம் கிடையாது. பெயர், பதிவு எண், பதிவான ஆண்டு, மாநில கவுன்சில் என்று எதை வைத்தும் தேடலாம். எண்ணை வைத்துத் தொடங்குங்கள் என்பதே என் யோசனை. பெயரை வைத்துத் தேடினால் தமிழ்ப் பெயர்கள் படாத பாடு படுத்தும். செந்தில்குமார் பதிவேட்டில் ஒரே சொல்லாக இருப்பார், அல்லது இரண்டாகப் பிரிந்திருப்பார். இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், அப்பாவின் முழுப் பெயராக விரிந்தும் இருக்கும். லட்சுமியை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பெண் மருத்துவர்கள் பலர் கல்லூரி முடித்த கையோடு அப்பாவின் இனிஷியலோடு பதிவு செய்திருப்பார்கள். இன்று பெயர்ப்பலகையில் கணவர் பெயரும் சேர்ந்திருக்கும். இவற்றையெல்லாம் பார்க்காமல் 'பெயரே இல்லை, போலி' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒருவருடைய நற்பெயர் நம் அவசரத்தில் கெட்டுவிடக் கூடாது.

எண் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக ஓடுகிறது. ஒரே எண் தமிழ்நாட்டில் ஒருவருக்கும் கர்நாடகத்தில் வேறொருவருக்கும் இருக்கும். அதனால் எண்ணோடு எந்த கவுன்சில் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளத்திலோ ஆந்திரத்திலோ படித்துப் பதிவு செய்துவிட்டு இங்கே வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எண் கிடைத்துவிட்டது, பதிவேட்டிலும் இருக்கிறது என்றால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். விவரம் முழுவதையும் திறந்து பாருங்கள். பெயர், பட்டம், பல்கலைக்கழகம், பதிவான ஆண்டு ஆகியவை இருக்கும். போலிகளில் கெட்டிக்காரர்கள் எண்ணைக் கற்பனை செய்வதில்லை. இன்னொருவருடைய எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். இறந்துபோன மருத்துவர்களின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து முழுமையாக நீக்கப்படாததால் இது எளிதாகிவிடுகிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு முப்பத்தைந்து வயது, பதிவான ஆண்டோ 1978 என்றால் கணக்கு இடிக்கிறது. ஆண்டையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தத் தேடலின் உயிர்நாடி.

தேசிய மருத்துவப் பதிவேடு என்ற புதிய இணையவாசல் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு மருத்துவருக்கும் தனி அடையாள எண் தருவது அதன் நோக்கம். ஆனால் மருத்துவர்கள் அனைவரும் இன்னும் அதில் சேர்ந்துவிடவில்லை. அதில் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மாநில கவுன்சிலின் பதிவேட்டையும் பாருங்கள்.

இணையத்தில் ஒன்றும் பிடிபடவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கவுன்சிலின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில், 'இந்தப் பெயரில் இந்த எண்ணில் பதிவு உள்ளதா? எந்தத் தேதியில் பதிவானது? இப்போது நடப்பில் உள்ளதா?' என்று எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பட்டங்களின் வால்

பெயருக்குப் பின்னால் எழுத்துகள் நீண்டுகொண்டே போகும் பலகைகளை நிதானமாகப் படியுங்கள். அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களையும், உண்மையான தொழில் அறிவைக் காட்டும் சான்றுகளையும் மட்டுமே போட வேண்டும் என்பது விதி. அந்தத் துறையில் தனித்தகுதி இல்லாமல் 'சர்க்கரை நோய் நிபுணர்', 'தோல் நோய் நிபுணர்' என்று சொல்லிக்கொள்வதும் விதிமீறல். எம்.டி., எம்.எஸ்., டி.எம். போன்ற மேற்படிப்புகளையும் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யலாம். பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

'ஆர்.எம்.பி.' ஒரு பட்டம் அல்ல. பதிவு பெற்ற மருத்துவர் என்பதன் சுருக்கம் மட்டுமே. முறையாகப் படித்துப் பதிவு செய்த எந்த மருத்துவரும் தன் பட்டத்தை விட்டுவிட்டு இதை மட்டும் பலகையில் எழுத மாட்டார். இதை மட்டும் பார்த்தால் எந்த கவுன்சில், என்ன எண் என்று கேளுங்கள். எம்.டி.க்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'மாற்று மருத்துவம்' என்று இருந்தால் அதையும் மருத்துவக் கல்லூரி தந்த எம்.டி. என்று எண்ணிவிடாதீர்கள்.

சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதி ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடுகள் உண்டு. பி.எஸ்.எம்.எஸ். படித்த சித்த மருத்துவர் தமிழ்நாடு சித்த மருத்துவ கவுன்சிலில் இருப்பார், பி.எச்.எம்.எஸ். படித்தவர் ஹோமியோபதி மருத்துவ கவுன்சிலில். ஆங்கில மருத்துவப் பதிவேட்டில் அவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். அதனால் அவர்கள் போலி ஆகிவிட மாட்டார்கள். ஒரு முறையில் பதிவு செய்தவர் தனக்குப் பயிற்சி இல்லாத இன்னொரு முறையில் மருந்து கொடுப்பதுதான் பிரச்சினை. காய்ச்சலுக்கு வந்தவருக்கு ஹோமியோபதியில் பதிவு செய்த ஒருவர் ஆங்கில மருந்துகளைக் கொடுத்து, நோயாளி இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஒரு மருத்துவ முறையைப் படிக்காமல் அந்த முறையில் மருத்துவம் பார்ப்பவர் போலி மருத்துவரே என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நர்ஸ், மருந்தாளுநர், மற்றவர்கள்

வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் 'ஹோம் நர்ஸ்' விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகின்றன. ஏஜென்சி அனுப்பும் பெண் வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார். முதியவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அன்பாகவே பார்த்துக்கொள்வார். அது மதிப்புக்குரிய வேலை. ஆனால் நரம்பு ஊசி போடவும், சிறுநீர்க் குழாய் மாற்றவும் பதிவு பெற்ற செவிலியர்தான் வேண்டும். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் அவருக்கு ஓர் எண் இருக்கும். ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடும்போதே, வருபவர் பதிவு பெற்ற செவிலியரா, உதவியாளரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கும் சம்பளமும் அதற்கேற்பத்தான் இருக்க வேண்டும்.

மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டப்படி பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும், அல்லது அவருடைய நேரடிக் கண்காணிப்பில் கொடுக்க வேண்டும். பல் மருத்துவர்களுக்குப் பல் மருத்துவ கவுன்சில். பிசியோதெரபி, லேப் டெக்னீஷியன், கண் பரிசோதகர் போன்றவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் தனி ஆணையத்தைத் தந்திருக்கிறது.

தவறு கண்டால்

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் புகார் சொல்லப்போவது பதிவு உள்ளவர் மீதா, இல்லாதவர் மீதா?

பதிவு இல்லாதவர் என்றால் மாவட்டத்தின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் காவல் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். நகலைத் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு அனுப்ப மறக்காதீர்கள். 2019 சட்டத்தின் கீழ் வரும் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டுமானால், ஆணையமோ கவுன்சிலோ அதிகாரம் அளித்த அலுவலர் எழுத்தில் புகார் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. உங்களிடம் இருக்கும் சீட்டு, ரசீது, பெயர்ப்பலகையின் படம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம்.

பதிவு உள்ளவர் என்றால் கவுன்சிலுக்கே எழுத வேண்டும். எழுதும் முன் மருத்துவ ஆவணங்களைக் கேட்டு வாங்குங்கள். உள்நோயாளியின் ஆவணங்களை சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரம் அளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தராவிட்டால் அதையும் புகாரில் ஒரு தலைப்பாகச் சேருங்கள். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டுத் தேதிவாரியாக எழுதுங்கள்: என்றைக்குச் சேர்த்தோம், யார் பார்த்தார், என்ன சொன்னார், என்ன கொடுத்தார், எப்போது மோசமானது. ஒப்புகை கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள். கவுன்சில் மருத்துவரை அழைத்து அவர் தரப்பையும் கேட்கும். 6 மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. குற்றம் உறுதியானால் எச்சரிக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம்.

கவுன்சில் உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது. அதற்கு நுகர்வோர் ஆணையம்தான் இடம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கவுன்சிலில் முடிவு வரட்டும் என்று காத்திருந்து இந்தக் காலக்கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

இந்த அமைப்பில் எனக்கு ஏற்பில்லாத ஒன்று உண்டு. கவுன்சில் எடுத்த நடவடிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை 2019 சட்டத்தின் 30ஆம் பிரிவு மருத்துவருக்கு வெளிப்படையாகத் தருகிறது. நோயாளியைப் பற்றி அங்கே ஒரு சொல்கூட இல்லை. பதிவேடு இருப்பதே நோயாளியின் பாதுகாப்புக்காக. அவருடைய புகார் தள்ளுபடியானால் மேலே போகும் வழியைச் சட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

குற்றவியல் சட்டத்திலும் பதிவு கணக்கில் வருகிறது. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. மருத்துவச் சிகிச்சையின்போது பதிவு பெற்ற மருத்துவரால் நேர்ந்தால் அது 2 ஆண்டு வரை. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

இன்று மாலையே வீட்டில் இருக்கும் மருந்துச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். நீங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவர், குழந்தைகள் மருத்துவர், அம்மாவின் இதய மருத்துவர் ஆகியோரின் பெயர், பதிவு எண், கவுன்சில் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். ஏதாவது ஒன்று இடித்தால், அடுத்த முறை அந்தப் படியேறும் முன் கேட்டுவிடுங்கள்.